ஆறாம் கட்டம்

பிரதேச செயலகத்துப் படிவத்தில்
சிங்களம் மேலே, தமிழ் கீழே.
'மின்சாரம்' வரவேண்டிய இடத்தில்
துணைக்கால் விழுந்து
'மின்சரம்' என்று கிடந்தது.
பேனாவால் ஒரு கால் போட்டுவிட்டு
நிரப்பத் தொடங்கினேன்.

பெயர்: வீரமலை தவசீலன்.
தொழில்: ஆட்டோ, நோர்வூட் சந்தி.
எஞ்சினைக் கழற்றி பேட்டரி பூட்டினால்
வட்டியில் பாதி அரசாங்கம் தருமாம்.
மூன்று வருஷத்துக்கு வரிப்பத்திரம் சும்மாவாம்.
நோட்டீஸில் ஒரு பச்சை இலை.
பச்சை இலை எங்களுக்குப் புதுசில்லை,
ஆனாலும் பிடித்திருந்தது.

இருபத்திரண்டில் ஹட்டன் பெற்றோல் வரிசையில்
மூன்று ராத்திரி படுத்தவன் நான்.
ஐந்து லீற்றருக்காக,
முன்வண்டிப் பரமநாயகத்தோடு
ஒரு பிஸ்கட் பக்கற்றைப் பாதி பாதியாக எண்ணி.
அந்த வரிசை இனி இல்லையென்றால்
எத்தனை கட்டமும் நிரப்பலாம்.

ஆறாம் கட்டத்தில் பேனா நின்றது.
'மின்கணக்கு இலக்கம், விண்ணப்பதாரியின் பெயரில்.'

எங்கள் லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா,
ஒரு மீற்றர்.
மீற்றர் தோட்டத்தின் பெயரில்.
லைட்டுக் காசு யோகமணியின் சம்பளத்தில் கழியும்,
அவள் எடுத்த கொழுந்தின் கிலோக்களுக்குக் கீழே
ஒரு வரியாக.
பில் என்கிற தாளை நான் தொட்டதே இல்லை.

கவுண்டரில் திலினி மிஸ். நல்ல மனுஷி.
"வீடு ஒங்க பேர் இருக்கா?"
இல்லை மிஸ்.
"காணி?"
இல்லை மிஸ். பிறந்தது மட்டும் அங்கே.
கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்திருந்தார்.
பிறகு நான் போட்ட காலின்மேல் விரல் வைத்து
"இது என்ன?"
பிழை மிஸ், திருத்தினேன்.
"படிவத்துல திருத்த ஏலாது"
என்று புதுசு ஒன்று தந்தார்.

லக்சபானையில் விழுகிற தண்ணீர்
கம்பியேறி
எங்கள் தலைக்கு மேலாகக் கொழும்பு போகிறது.
நடுவில் இறங்க
மைனாக்களுக்கு மட்டும் அனுமதி.

சந்திக்கடை முதலாளியிடம் மூன்று பில்:
கடைக்கு, வீட்டுக்கு, கோழிக்கூட்டுக்கு.
மூன்று பில்லுக்கு மூன்று வண்டி மாற்றினார்.
கோழிக்கூட்டுப் பில்லில் பிறந்ததை
நாள் வாடகைக்கு நான் ஓட்டுகிறேன்.
என் பழையதை விற்றுத்தான் முற்பணம்.
சலுகை அவர் பெயரில்,
முதுகுவலி என் பெயரில்.

ஒரு ராத்திரி மழை.
சந்திப் பாதையில் மண் சரிந்து கிடந்தது.
வேறு வழியில்லாமல்
லயத்திலேயே சார்ஜரைக் குத்தினேன்.
மணி எட்டரை. நாடகத்தில் மாமியார்
உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள்.
டப்.
பன்னிரண்டு காம்பராவும் ஒன்றாய் அணைந்தன,
ஒரே கம்பியில் கோத்தவை.
மின்சரம்.
படிவம் அடித்தவன்
எங்கள் லயத்தைப் பார்த்திருக்கிறான்.

இருட்டில் எவனோ சிரித்தான்.
தொங்கல் காம்பராவிலிருந்து செபமாலை அக்கா:
"அடுத்த மாசம் கழிவு கூடுனா நீயா கட்டுவ?"
நியாயமான கேள்வி.
இன்னும் பதில் சொல்லவில்லை.

விடிந்ததும், இருந்த இரண்டு கோட்டோடு
வண்டியை எடுத்தேன்.
ஏற்றத்தில் ஒன்று போயிற்று.
மாடன் கோயில் வளைவிலிருந்து இறக்கம்.
பிரேக்கில் கால் வைத்தேன்.
எஞ்சின் இரைச்சல் இல்லாததால்
கான் தண்ணீர் ஓடுவது கேட்டது.
திரையில் அரைக்கோடு
மெல்ல ஏறி உட்கார்ந்தது.
இறங்கும்போது வண்டி தானே கொஞ்சம் சம்பாதிக்கும்
என்று கொம்பனிப் பொடியன் சொன்னது
பொய்யில்லை.
ஒரு வளைவுக்குக் காணும்.

புதுப் படிவம் சீற்றுக்கடியில் இருக்கிறது,
ஐந்தாம் கட்டம் வரைக்கும் நிரப்பி.
இந்தமுறை
எதையும் திருத்தவில்லை.